தாத்தாகிட்ட வாழ்த்து கேட்டா இப்படித்தான்

பிளஸ் டூ முடிச்சு வெளிய போறோம், மலர் போடுறோம், "பின்னோக்கிப் பார்க்கிறோம்"னு தலைப்பு வச்சிருக்கோம், அதுக்கு ஒரு பக்கம் வாழ்த்து வேணும்னு வந்து நிக்கிறீக. உக்காருங்க அப்பு. ஆத்தா, நீயும் உக்காரு. ஏலக்காய் மூட்டை கெடந்த திண்ணை, துணியில வாசம் ஒட்டும். ஒட்டுனதுக்குக் காசு கேக்க மாட்டேன்.

பதினேழு வயசுல எதைய்யா பின்னோக்கிப் பாக்குறது? முன்னால இருக்குறதே மீசை முளைக்கிற அளவுக்குத்தான் தெரியுது. சரி, ஆசைப்பட்டீக, பாப்போம்.

2019 ஜூன்ல ஆறாப்பு சேந்தீக. 2020 மார்ச்சுல பள்ளிக்கூடத்தைப் பூட்டுனாக. உங்க வயசுப் பிள்ளைகளை மறுபடி உள்ள விட்டது 2021 நவம்பர் ஒண்ணாந்தேதி. அப்ப நீங்க எட்டாப்பு. ஏழாப்பு எங்கய்யா போச்சு? இப்ப வாசிச்சுக் காட்டுனீகளே, "ஏழாம் வகுப்பில் அந்த வேப்பமரத்தடியில் நாங்கள்"னு, அது எந்த ஊரு வேப்பமரம்? அந்த வருசம் போன்ல உங்களுக்குப் பாடம் நடத்துன டீச்சருக்கு உங்க நெத்தியும் வீட்டு மின்விசிறியும்தான் தெரியும். எழுதுனவன் யாரு, அந்தக் கடைசியில சிரிக்கிறவனா? நல்லா வருவான். அரசியலுக்குப் போகச் சொல்லுங்க. 1989-ல ஜெயலலிதாவை மொத மொத சட்டசபைக்கு அனுப்பி வச்ச ஊரு நம்ம போடி, ராசி இருக்கு.

ரயிலைப் பத்தி ஒரு வரியும் எழுதலையே? 1928-ல வந்த ரயிலு. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல தண்டவாளத்தையே கழட்டிட்டுப் போயிட்டாக, 1950-கள்ல திரும்பப் போட்டாக. 2010 கடைசியில அகலப் பாதை போடுறோம்னு நிறுத்துனவுக, 2023 ஜூன் 15-லதான் போடிக்குத் திரும்பக் கொண்டுவந்தாக. நடுவுல பள்ளிக்கூடம் முடிச்ச அத்தனை செட்டும் பஸ் ஸ்டாண்டுல, சுண்டல்காரன் சத்தத்துக்கும் கண்டக்டர் விசிலுக்கும் நடுவுல நின்னுதான் அழுதுச்சு. கண்ணைத் துடைக்குறதுக்குள்ள "தேனி, தேனி, ஏறு, ஏறு"ன்னு தள்ளிருவாக. நீங்க பத்தாப்பு ஆரம்பிக்கையில ரயிலு வந்துருச்சு. மெதுவா ஜன்னலோரம் உக்காந்து, சினிமாவுல வர்ற மாதிரி கையாட்டி அழுதுட்டுப் போற பாக்கியம் உங்களுக்குத்தான்.

பரீட்சையிலயும் நீங்க யோகக்காரப் பிள்ளைக. நான் படிச்சது பதினொண்ணாப்பு எஸ்.எஸ்.எல்.சி. 1978-ல பிளஸ் ஒன் வந்து, 1980-ல மொத பிளஸ் டூ பரீட்சை நடந்துச்சு. ரொம்ப காலம் 1200 மார்க்கு, இப்ப 600. ரேங்க் அறிவிக்கிறதை 2017-ல நிறுத்துனாக. அதுக்கு முந்தி மாநிலத்துல மொத ஆளா வந்த பிள்ளை வாயில லட்டைத் திணிச்சு பேப்பர்ல போட்டோ வரும், அதைக் காட்டிக் காட்டியே மத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு மாசம் சோறு இறங்காது. அந்தக் கொடுமை உங்களுக்கு இல்ல. ஆனா பதினொண்ணாப்புக்கும் பொதுத்தேர்வுன்னு ஒண்ணு கொண்டுவந்து, அதை எழுதுன கடைசி செட்டு நீங்க. உங்களுக்கு அடுத்து வந்தவுகளுக்கு அதுவும் கிடையாது. இன்னும் பத்து வருசத்துல அவுககிட்டப் போயி "எங்க காலத்துலயெல்லாம்..."னு இழுக்க உங்களுக்கும் ஒரு சாமான் கெடைச்சிருச்சு. பத்திரமா வச்சுக்கங்க.

இந்தப் பழைய கதையெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, ஏலக்காய் உலத்துற ஸ்டோர்ல பாதி ஆயுசைக் கழிச்சவன் நான். அஞ்சு கிலோ பச்சைக் காய் உள்ள போனா, ஒரு கிலோ சுமாருக்குத்தான் காஞ்ச காயா வெளிய வரும். மிச்சமெல்லாம் ஆவி. ஆனா வாங்குறவனுக்குக் காஞ்சதும் வேணும், பச்சையாவும் இருக்கணும். அதுக்காகச் சலவைச் சோடாத் தண்ணியில முக்கி எடுத்து உலத்துறது நேர்வழி. சாயத்தைப் பூசுறது திருட்டு வழி. நெனப்பும் அப்படித்தான் காயுது. இன்னும் இருபது வருசத்துல உங்க ஏழு வருசத்துல மிஞ்சப் போறது ஒரு கைப்பிடி, அதுக்குத்தான் எல்லாரும் சாயக் கிண்ணத்தைத் தூக்கிட்டு வருவீக. வேப்பமரத்தடிக்காரன் இப்பவே கலக்கிட்டான். சாயக் காயை நனைச்ச வெள்ளைத் துணியில தேச்சா சாயம் இறங்கிரும். அதனாலதான் விவரம் தெரிஞ்ச கிழவனை யாரும் பழைய மாணவர் விழாவுக்குக் கூப்பிடுறதில்ல.

கூப்பிடாமலே நான் நாலஞ்சுக்குப் போயிருக்கேன், சாப்பாட்டுக்கு. எல்லாம் ஒரே மாதிரிதான். ஒரே கலர்ல சட்டை, ஒரே கலர்ல சேலை. ரிட்டயர்டு வாத்தியாருக்குச் சால்வை. போடி வெயிலுக்குச் சால்வையை வச்சு அவரு என்ன செய்வாரு? பீரோவுல இருந்த பழைய சால்வையை எடுத்து வேற விசேசத்துக்குக் கொண்டுபோயி போத்துவாரு, அங்க போத்துனதை இங்க கொண்டாந்து போத்துவாக. சத்துணவுல உங்களுக்கு முட்டை உரிச்சுப் போட்ட ஆயாவுக்கு மேடையில நாற்காலி கிடையாது. அந்தம்மாவுக்குக் குளிருதா இல்லையான்னு ஒருத்தனும் கேக்கலை.

அப்புறம் மைக்கைப் பிடிச்சு ஒருத்தன் ஆரம்பிப்பான்: "அன்னைக்கு சார் அடிச்ச அடிதான் இன்னைக்கு என்னை இந்த நெலமைக்குக் கொண்டுவந்துச்சு." கைத்தட்டு. அடுத்தவனும் அதையே சொல்வான். எனக்கு ஒரு சந்தேகம். அதே பிரம்புல அதே அடியை வாங்கிட்டு, மறுநாள்ல இருந்து பள்ளிக்கூடப் பக்கமே வராமப் போனானே, அவனை மேடைக்கு ஏத்தி அடியைப் பத்தி நாலு வார்த்தை பேசச் சொல்லுங்களேன். வரமாட்டான். அவனுக்கு அழைப்பே போகலை. படிப்பு முடிச்சவுக விலாசம் மட்டும்தானே பள்ளிக்கூட ரிஜிஸ்தர்ல கடைசி வரைக்கும் ஓடுது.

அந்த குரூப் போட்டோவை எடு ஆத்தா. நல்லாருக்கு. வேற போட்டோ ஒண்ணு இருக்குமே, ஆறாப்புல எடுத்தது? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வையி. இந்த ரெட்டைச் சடை எங்க? காதுல கம்மலுக்குப் பதிலா ஈர்க்குச்சி போட்டுருக்கே, இந்தப் பிள்ளை? இந்தக் குட்டையன்? தெரியலை, "டிஸ்கன்டினியூ ஆயிட்டாங்க தாத்தா"ங்கிறீக. நோய் வந்த மாதிரியில்ல சொல்றீக.

அவுக என்ன ஆனாகன்னு எனக்குத் தெரியும். ஆகஸ்ட்டு வாக்குல ஆரம்பிச்சா தை மாசம் வரைக்கும் மலையில ஏலக்காய் எடுப்பு. எல்லாக் காயும் ஒண்ணாப் பழுக்காது, ஒரு மாசம், நாப்பது நாளைக்கு ஒருதரம் அதே தூருக்குத் திரும்பி வரணும். செடி ஆள் உசரத்துக்கு மேல நிக்கும், காய் மட்டும் தூர்ல, தரையோட தரையாச் சரம் விட்டுக் கெடக்கும். நாள் பூராக் குனிஞ்ச முதுகுதான். காலாண்டு, அரையாண்டு ரெண்டு பரீட்சையும் கரெக்ட்டா இந்த எடுப்புக்குள்ள வந்து விழுது. பரீட்சைக்குத் தேதி குறிச்சவுகளுக்கு ஏலச்செடி தெரியாது. 1956-ல மாநிலம் பிரிச்சப்ப தேவிகுளமும் பீர்மேடும் அங்கிட்டுப் போயிருச்சு. தோட்டம் கேரளாவுல, குனியிற முதுகு தேனி ஜில்லாவுல. விடியுமுன்ன ஆத்தாக்காரி ஜீப்பு ஏறி, போடிமெட்டுப் பதினேழு கொண்டை ஊசி வளைவும் சுத்திப் போயிட்டா, கைப்பிள்ளையை யாரு பாக்குறது? ரெட்டைச் சடை பாக்கும். பள்ளிக்கூடம் பூட்டிக் கெடந்த காலத்துல அப்படி உக்காந்தது, தெறந்த பெறகு எந்திரிக்கவே இல்ல. கட்டாயக் கல்விச் சட்டம் பதினாலு வயசு வரைக்கும் காவல் நிக்கிது, நல்ல சட்டம்தான். பதினஞ்சு பொறந்ததும் ஜீப்புல ஒரு எடம் காத்திருக்கு.

2018-ல ரெண்டு படம் வந்துச்சு, ரெண்டு மாசத்துக்குள்ள. ஒண்ணு நம்ம சரிவுல சொமை தூக்குறவன் கதை, "மேற்குத் தொடர்ச்சி மலை". லெனின் பாரதி எடுத்தது. இன்னொண்ணு "96", தஞ்சாவூர்ல ஒண்ணாப் படிச்சவுக இருபது வருசம் கழிச்சுக் கூடுற கதை. மொத படத்துக்குக் காசு போட்டதும் ரெண்டாவது படத்துல நடிச்சதும் ஒரே ஆளு, விஜய் சேதுபதி. "96" பாத்துட்டு ஊரு ஊருக்கு ரீயூனியன் வச்சாக, முன்னாள் காதலியைத் தேடி முகநூலையே கொடைஞ்சாக. மத்த படத்தைப் பாத்துட்டு, கூடப் படிச்சு மலைக்குப் போனவனைத் தேடி ஒருத்தனாவது ஜீப்பு ஏறுனான்னு கேள்விப்பட்டீகளா? நான் கேள்விப்படலை. காதலியா இருந்தாத்தான் தேடுவீக போல. அப்ப அந்த ஈர்க்குச்சிக் கம்மல்காரியை உங்கள்ல எவனாவது காதலிச்சுத் தொலைச்சிருக்கக் கூடாதா?

வாட்ஸாப் குரூப்பு ஆரம்பிச்சாச்சுங்கிறீக. அது எப்படிப் போகும்னு சொல்லட்டா? மொத மாசம் ராவும் பகலும் அழுகை. ரெண்டாம் வருசம் காலை வணக்கத்தோட ரோசாப்பூ. அஞ்சாம் வருசம் ஒருத்தன் இன்சூரன்ஸ் பாலிசி எடுக்கச் சொல்லுவான், ஒருத்தி ஏலச்சீட்டுக்கு ஆள் சேப்பா. பத்தாம் வருசம் தேர்தல் வரும், பாதிப்பேரு கோவிச்சுட்டு வெளிய போவாக. அதுக்குள்ள ஒரு காரியம் பண்ணுங்க. ஆறாப்புப் போட்டோவுல இருக்குற அத்தனை பேரையும் சேருங்க. நம்பர் இல்லேன்னு சொல்லாதீக. வெள்ளன நாலரைக்குத் தோட்டத்து ஜீப்பு நிக்கிற எடத்துக்குப் போனா பாதிப்பேரைப் பாத்துரலாம். நாலரைங்கிறது சாயந்திரம் இல்ல அப்பு, விடிகாலை.

அப்புறம் நீங்க மறுபடி கூடப் போற கூட்டத்துக்குத் தேதி. தீபாவளியை ஒட்டி வைக்கலாம்னு பேசிக்கிறீகளாம். வைக்காதீக, நடு எடுப்பு, ஒரு நாள் கூலியை விட்டுட்டு யாரும் வரமாட்டாக. ஏப்ரல், மே-ல வைங்க. மதியச் சாப்பாடும் வேணாம். ஜீப்பு எறங்கி வந்து, கைகால் கழுவி, துணி மாத்துறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும், ராத்திரிச் சாப்பாடா வைங்க. வந்ததும் டீ குடுங்க. போடிக்காரப் பெருமைக்கு அதுல ஏலக்காயைத் தட்டிப் போட்டு நீட்டாதீக. நாள் பூரா அந்த வாசத்துலயே கெடந்து வர்றவுக. இஞ்சி டீயாப் போடுங்க.