காடி நீட்டலும் கால் நீட்டலும்: நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்: காலை மடக்கி உட்காரும் வரை மனிதனுக்குச் சாதாரணக் காடி போதும். அவன் காலை நீட்டினால்தான் காடியையும் நீட்ட வேண்டிவருகிறது. அப்படி நீட்டுவோர் இரு வகையினர்: பெரிய மனிதர், இறந்த மனிதர். லாபு, ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டத் தமிழர் இவ்விரு வகையில் எதில் சேர்கிறார் என்பதே இங்கு வினா.

1. முன்னோடிகள்

காடியை வெட்டி நீட்டும் கலையை 1928-இல் தொடங்கிவைத்த பெருமை அமெரிக்காவின் ஃபோர்ட் ஸ்மித் நகரத்து ஆர்ம்பிரஸ்டர் பட்டறையைச் சேரும் என்பர். ஜெர்மானியர் இதைத் தொழிற்சாலைக்குள்ளேயே கொண்டுபோனார்கள். மெர்சிடிஸ் டபிள்யூ123-இன் சக்கர இடைவெளி 2,795 மில்லிமீட்டர். அதன் நீட்டிய வடிவத்தில் 3,425. ஆக, பெரிய மனிதரின் கூடுதல் பெருமை சரியாக 63 சென்டிமீட்டர். அதே வரிசையின் அடிச்சட்டத்தில்தான் சவ ஊர்திகளும் கட்டினார்கள் என்பது ஆய்வாளர் கவனத்துக்குரியது.

உச்சம், கேடிலாக் எல்டொராடோக்களை ஒட்டிச் செய்த ‘அமெரிக்கன் டிரீம்’. நீளம் 30.54 மீட்டர், நீச்சல்குளமும் ஹெலிகாப்டர் தளமும் உண்டு, 75 பேருக்கு மேல் ஏறலாம். மீட்டருக்குச் சுமார் 2.5 பேர் என்று வைத்துக்கொள்வோம். இனி நம் தோட்டத்துக் கப்சாய் மோட்டார் சைக்கிளைப் பார்ப்போம். நீளம் ஏறத்தாழ 1.8 மீட்டர். முன்னால் நிற்கும் சின்னவன், ஓட்டும் அப்பா, நடுவில் நசுங்கும் இருவர், பின்னால் பக்கவாட்டில் அம்மா. ஹேண்டிலில் தொங்கும் மளிகைப் பையைக் கணக்கில் சேர்க்கவில்லை. மீட்டருக்கு 2.8 பேர். உலக சாதனை சிரம்பான் சாலையில் தினமும் முறியடிக்கப்படுகிறது. பதிவு செய்யத்தான் ஆளில்லை.

2. தொழில்நுட்பம்

1985 ஜூலை 9-இல் வெளிவந்த புரோட்டான் சாகாவின் சக்கர இடைவெளி 2,380 மில்லிமீட்டர். முன்சக்கரம் இழுக்கும் காடி என்பதால் நடுவில் வெட்டினாலும் நீட்ட வேண்டிய சுழல்தண்டு கிடையாது. பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், ஹேண்ட்பிரேக் கம்பி, புகைக்குழாய், கொஞ்சம் வயர், இவ்வளவுதான். பிறகு நடு வயிறு தொங்காமல் அடிச்சட்டத்துக்கு இரும்பு வைக்க வேண்டும். ஆனாலும் சவப்பெட்டிக்கு சாகா தோற்றது. பெட்டி சுமார் 2 மீட்டர். டிக்கி வாயில் அது நுழையாது. வேனிலோ பின்கதவு அகலமானது. இருக்கைகளைக் கழற்றி உருளைகள் பொருத்தினால் பெட்டி தானே சறுக்கிப் போகும். ஆகவே வேன் வென்றது. அதற்கும் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி வேண்டும். புஸ்பாகோம் வாகனப் பரிசோதனையும் உண்டு. பயணி புகார் சொல்லப் போவதில்லை என்பதால் சலுகை கிடையாது.

3. வரலாறு

முன்பு இந்தச் சிக்கல் இல்லை. பல தோட்டங்களில் சுடுகாடு தோட்டத்துக்குள்ளேயே, ரப்பர் நிரைக்குப் பின்னால் இருந்தது. பாடைக்கு நான்கு தோள், எட்டுக் கால், பூஜ்யம் சக்கரம். பெட்ரோல் செலவில்லை, ஜேபிஜேயும் தேவையில்லை. பெரட்டில் பெரிய கிராணி நாலு பேருக்கு லீவு எழுதினால் போதும். பிறகு தோட்டங்கள் கைமாறின. மரம் நின்ற இடத்தில் நீலாய், லாபு பக்கமெல்லாம் புதுநகரங்கள் எழுந்தன. லயத்தைவிட்டுத் தாமான் வீட்டுக்கு வந்தவருக்குச் சுடுகாடு நடைதூரத்தில் இல்லை. தோள் போய்ச் சக்கரம் வந்த காரணம் வசதியல்ல, தூரம்.

4. விதி

இவற்றிலிருந்து பெறப்படும் விதி: பயணிக்குச் சொந்தமாக நகரும் அவசியம் குறையக் குறைய அவர் காடி நீளும். அமைச்சர் நடக்க வேண்டியதில்லை. அவருக்குப் புரோட்டான் பெர்டானாவையும் நீட்டிக் கொடுத்தார்கள். இறந்தவரால் நடக்க முடியாது. அவருக்கும் நீளம் உண்டு. இடைப்பட்டவருக்குக் கப்சாய்.

5. முடிவும் பரிந்துரையும்

தோட்டத் தமிழர் இரண்டாம் வகையினரே. வாழ்நாளெல்லாம் மடக்கிய காலை அவர் ஒரே ஒரு பயணத்தில் நீட்டுகிறார். அதற்கு வாடகையும் கட்ட வேண்டும், பெரும்பாலும் ரொக்கம். அந்த வெள்ளி நோட்டில் இருப்பவர் நெகிரி செம்பிலானிலிருந்து வந்த முதல் பேரரசர் துவாங்கு அப்துல் ரஹ்மான். நீட்டிய காடிக்கு முறைப்படி உரிமையுள்ளவர் அவர்தான். எனவே ஆய்வாளரின் ஒரே பரிந்துரை: அடுத்த முறை மகன் காடியில் ஏறும்போது முன் இருக்கையைக் கொஞ்சம் முன்னால் தள்ளச் சொல்லுங்கள். உயிரோடு கேட்டால் இலவசம்.