எழுதாக்கிளவி ஓதும் சர்வர்கள்

2015 மார்ச்சில் மத்திய அரசு ஒரு கொள்கை வெளியிட்டது: அரசின் மின்னாளுகைத் திட்டங்களில் திறந்த மூல மென்பொருளுக்கே முன்னுரிமை. நல்ல கொள்கை. லைசென்ஸ் கட்டணம் மிச்சம், வெளிநாட்டுக் கம்பெனியின் காலில் விழவும் வேண்டாம். டெல்லி அதில் பாதியை மனதார ஏற்றுக்கொண்டது. இலவசம் என்கிற பாதியை.

மறுபாதி, எல்லாவற்றையும் எழுதி வைப்பது. காஃப்கா என்றொரு திறந்த மூல மிடில்வேரைப் பாருங்கள். ஒரு மென்பொருள் சொல்வதை இன்னொன்றிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் தபால்காரன் வேலை அதற்கு. அதை உருவாக்கியவர்கள் ஒவ்வொரு கன்ஃபிக் ஆப்ஷனுக்கும் அது என்ன செய்யும், டிஃபால்ட் எவ்வளவு, எதுவரை மாற்றலாம், எவ்வளவு முக்கியம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சல்லிக்காசு வாங்காமல் எழுதியவர்களும் அதில் உண்டு. சம்பளம், பஞ்சப்படி, பயணப்படி எல்லாம் உள்ள நம் அலுவலகங்கள், அதே ஆப்ஷனை மாற்றியது யார், ஏன் என்பதை எங்கே எழுதி வைக்கின்றன? ஒப்பந்த ஊழியர் ஒருவரின் மண்டைக்குள். அவருடைய ஒப்பந்தம் மார்ச் 31 வரை.

வேதத்துக்கு எழுதாக்கிளவி என்று பெயர். குரு ஓத, சிஷ்யன் கேட்டு மனனம் செய்யவேண்டும். நம் சர்வர்களும் அந்தப் புனித மரபில்தான் ஓடுகின்றன. ஒரே சிக்கல், குருவுக்கு நொய்டாவில் கூடுதல் சம்பளத்தில் வேலை கிடைத்துவிடும். சிஷ்யன் வாட்ஸ்அப்பில் கேட்பான். ப்ளூ டிக் விழும், பதில் வராது.

2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. இப்போது ஓர் அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதிகாரி கேட்கிறார்: “காஃப்காவில் லாக் உண்டா?” உண்டு சார். லாக் ரிடென்ஷன் அவர்ஸ், டிஃபால்ட் 168. “ஏழே நாளா? 180-ஐ 24-ஆல் பெருக்கிப் போடுங்கள்.” 4320 ஏறுகிறது. ஃபைலில் ‘உத்தரவு நிறைவேற்றப்பட்டது’ என்று குறிப்பும் ஏறுகிறது. ஆனால் அந்த ஆப்ஷன் பேசும் லாக், யார் எப்போது உள்ளே வந்தார் என்கிற பதிவேடு அல்ல; கைமாறும் செய்திகளே அது. ஆறு மாதத் தபாலும் தேங்கி, டிஸ்க் நிரம்பி, சர்வர் படுக்கும். உத்தரவு கேட்ட பதிவேடு வேறொரு மூலையில், தொடுவாரின்றிக் கிடக்கும். கவுன்டரில் நிற்பவனுக்குக் கிடைப்பது ஒரே பதில்: “சர்வர் டவுன் ஹை, கல் ஆயியே.” அதாவது, நாளைக்கு வாங்க.

கற்பனைதானே என்று சிரிக்கலாம். அடுத்தது கற்பனை இல்லை: கொரோனாத் தொற்றைத் தடமறியும் அரசுச் செயலி ஆரோக்கிய சேது 2020 ஏப்ரலில் வந்தது. மே மாதமே அதன் ஆண்ட்ராய்டு மூல நிரலை ஊரறியத் திறந்துவிட்டதாகப் பெருமைப்பட்டார்கள். அக்டோபரில் மத்தியத் தகவல் ஆணையம், இதை உருவாக்கியது யார், ஃபைல்கள் எங்கே என்பதற்குப் பதில் சொல்லத் தெரியாத தகவல் அதிகாரிகளுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் விட்டது. அதையடுத்து தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் விளக்கம்: தொழில்துறையும் கல்வித்துறையும் கைகோத்துச் சுமார் 21 நாளில் செய்ததாம். நிரல் திறந்திருந்தது, ஃபைலைத்தான் காணோம்.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பர் 23, ரான்சம்வேர் தாக்குதல். 5 சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நெட்வொர்க்கைச் சரியாகப் பகுத்து வைக்காததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. எந்த சர்வர் எதனோடு பேசலாம், எதனோடு பேசக்கூடாது என்கிற செட்டிங்தான் அது. விலை கொடுத்தது யார்? பீகாரிலிருந்து ரயிலேறி வந்து, விடியும் முன்பே வரிசை பிடித்து, நாள்கணக்கில் கையால் எழுதிய சீட்டுக்குக் காத்திருந்தவர்கள். ஓர் அமைச்சரின் மருமகனுக்காவது அன்று சீட்டுக் கிடைக்காமல் போயிருந்தால், கன்ஃபிக் ஆவணம் ஒரே வாரத்தில் தயாராகியிருக்கும், மூன்று மொழிகளில்.

ஏன் ஆவணம் இல்லை என்று கேட்டால், பாதுகாப்புக் காரணம் என்பார்கள். ஐயா, உங்கள் பாஸ்வேர்டை யாரும் கேட்கவில்லை. டிஃபால்ட் என்ன என்பது திருடனுக்கு ஏற்கெனவே தெரியும். உலகமே படிக்கும் ஆவணத்தில் இருக்கிறது. தெரியாமல் முழிப்பவர் அடுத்து வரும் உங்கள் பொறியாளர் மட்டுமே. ஊழியர்கள் கையாளும் கையேடுகளைக் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. முதலில் கையேடு என்று ஒன்று இருந்தால்தானே வெளியிட!

டெண்டர் எழுதும் புண்ணியவான்களே, ஒன்று செய்யுங்கள். கடைசித் தவணைப் பணத்தை நிறுத்தி வையுங்கள். அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத ஒரு பொறியாளரைக் கூப்பிட்டு, ஆவணத்தை மட்டும் கையில் கொடுத்து, போனை வாங்கி வைத்துக்கொண்டு, வேறொரு சர்வரில் மொத்தத்தையும் நிறுவச் சொல்லுங்கள். ஓடினால் பணம் கொடுங்கள். ஓடாவிட்டால் ஒப்பந்தக் கம்பெனியிடமும் அதையே சொல்லுங்கள்: கல் ஆயியே.