கொடையியல்

அகமே புறமே ஆயிரு தளத்தும்
கொடைநால் வகைய என்மனார் விற்போர்.

என் நுதலிற்றோ எனின், விலைக்கு விற்கும் வர்ச்சுவல் அப்ளையன்ஸுக்கு விலையில்லாத் தளம் தேருமாறு உணர்த்துதல் நுதலிற்று.

அப்ளையன்ஸாவது, ஆபரேட்டிங் சிஸ்டமும் அதன்மேல் ஓடும் மென்பொருளும் முன்னரே நிறுவப்பெற்று, ஒரே கோப்பாக வாடிக்கையாளரிடம் சென்று, இறக்கியவுடன் இயங்குவது. அக்கோப்பு பெரும்பாலும் ஓவிஏ எனப்படும். பெயர் பெரிதாயினும் பிரித்தால் டார் பொதிதான். உள்ளே எக்ஸ்எம்எல் விவரமும் வட்டுப் படிமமும் கிடக்கும்.

அகமாவது பெட்டிக்குள் உறையும் சிஸ்டம்: டெபியன், உபுண்டு, ஆல்பைன், ஃப்ரீபிஎஸ்டி முதலாயின. புறமாவது பெட்டியைச் சுமக்கும் ஹைப்பர்வைசர்: கேவிஎம், ஸென், வர்ச்சுவல்பாக்ஸ், இஎஸ்எக்ஸ்ஐ முதலாயின. அகத்தைப் பிறர்க்கு வழங்குபவர் விற்பவர். ஆகவே அதன் உரிமக் கடமை அவருடையது. புறத்தை நிறுவுபவர் பொதுவாக வாடிக்கையாளர். ஆகவே அக்கடமை அவருடையது. இவ்விரண்டையும் மயங்கக் கொள்வோர் வழக்கறிஞர்க்கு வாழ்வளிப்போர் என்க.

கொடை நான்காவன: தீராக்கொடை, தொடர்கொடை, விருந்துக்கொடை, மீள்கொடை.

தீராக்கொடையாவது, உரிம வாசகத்தையும் பதிப்புரிமைக் குறிப்பையும் அழிக்காதே என்பதன்றி ஏறக்குறைய ஒன்றும் கேளாதது. பிஎஸ்டி உரிமம் இவ்வகை. ஃப்ரீபிஎஸ்டியை எடுத்து, மாற்றி, மூடி விற்கலாம். ஜூனிப்பரின் ஜூனோஸ் அவ்வாறு எழுந்ததே. குறை ஒன்றுண்டு: லினக்ஸையே நம்பி எழுதிய மென்பொருள் இங்கே எளிதில் குடியேறாது.

தொடர்கொடையாவது, பெற்றவர் பிறர்க்குத் தருங்கால் மூலநிரலையும் தரவேண்டுவது. லினக்ஸ் கெர்னலுக்குரிய ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு இவ்வகை. அது விற்பனையைத் தடுப்பதன்று. மூலநிரலை உடன் தருக, அல்லது குறைந்தது மூன்றாண்டுக்குச் செல்லும் எழுத்துறுதி தருக என்பதே அதன் கட்டளை.

அற்றேல், என் சொந்த நிரலையும் திறக்க வேண்டுமோ எனின், வேண்டா. ஒரே வட்டில் அடுத்தடுத்துக் குடியிருத்தல் உறவாகாது என்று அவ்வுரிமமே கூறும். ஆயின் ஜிபிஎல் நூலகத்தைத் தன் நிரலோடு பிணைத்தவர் அயலார் என்று சொல்லித் தப்புதல் அரிது. சிறிதென்று ஆல்பைனைத் தேர்வோரும் ஒன்று அறிக: அதன் உள்ளிருப்பது ஜிபிஎல் உரிமத்துப் பிஸிபாக்ஸ். அதன் மூலநிரலைத் தரவில்லை என்பதற்காகவே 2007இல் அமெரிக்காவில் மான்சூன் மல்டிமீடியா மீது வழக்குத் தொடுக்கப்பட்டு, அவ்வாண்டே உடன்பாட்டில் முடிந்தது.

இனி, பெயர் தனிச்சொத்து. உபுண்டுவை மாற்றி அப்பெயராலேயே வழங்கக் கனோனிக்கலின் இசைவு வேண்டும். இசைவின்றேல் அடையாளங்களை நீக்கி, நிரலை மீண்டும் கம்பைல் செய்க என்பது அந்நிறுவனத்தின் விதி.

விருந்துக்கொடையாவது, உண்ணலாம், கடை வைக்கலாகாது என்பது. வர்ச்சுவல்பாக்ஸின் அடிப்பகுதி ஜிபிஎல். அதனோடு சேரும் எக்ஸ்டென்ஷன் பேக்கோ தனிப்பயன், கல்வி, மதிப்பீடு என்னும் எல்லைக்குள் மட்டுமே இலவசம். பயனர் கையேட்டில் அதனை நிறுவுக என்று ஒருவரி எழுதினால், வாங்கிய நிறுவனம் முழுவதையும் அவ்வரியே உரிம மீறலில் தள்ளும். அடிப்பகுதியோடு நிற்றல் நலம்.

மீள்கொடையாவது, கொடுத்தவர் மனம் மாறுங்கால் நின்றுபோவது. இலவச இஎஸ்எக்ஸ்ஐயை 2024இல் அதன் உரிமையாளரான பிராட்காம் நிறுத்தி 2025இல் மீண்டும் தந்தது. மைக்ரோசாஃப்டின் இலவச ஹைப்பர்-வி சர்வர் 2019 பதிப்போடு முடிந்தது.

சென்ட்ஓஎஸ் எக்கொடை என்பது ஐயம். 2029 வரை எனப்பட்ட அதன் எட்டாம் பதிப்புக்கு 2021 இறுதியோடு பராமரிப்பு நின்றது. ஆகவே மீள்கொடை என்பர் ஒருசாரார். அஃதன்று. மூலநிரல் எவராலும் மீட்கப்படவில்லை, மீட்கப்பட்டது உழைப்பு. நிரல் தொடர்கொடையாய் இருந்தமையாற்றான் அவ்வாண்டே ஆல்மாலினக்ஸும் ராக்கிலினக்ஸும் எழுந்தன. இஎஸ்எக்ஸ்ஐக்கு அத்தகைய வழித்தோன்றல் எழ இயலாது, மூடிய நிரல் ஆகலின். எனவே ஆராயவேண்டுவது, இன்று விலை உண்டா என்பதன்று. கொடுப்பவர் நிறுத்தினால் வேறொருவர் தொடர முடியுமா என்பது.

முப்பது நாள் சோதனைப் பதிப்பு எக்கொடையுள் அடங்கும் எனின், எதனுள்ளும் அடங்காது. அது விலைப்பட்டியலின் முதற்பக்கம்.

புறனடை: அகத்தை ஒன்றாகத் தேர்க, புறத்தை ஒன்றாகத் தேரற்க. அகத்துக்கு டெபியன் சாலும். ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒரு பதிப்பும், எல்டிஎஸ் என்னும் நீட்டிப்புச் சேர ஐந்தாண்டுப் பராமரிப்பும் உடையது. ஒரு நிறுவனத்துக்கு உரித்தாகாமையின், அதனை வாங்கி நிறுத்துவாரும் இலர். புறத்துக்கு, 2009இல் டிஎம்டிஎஃப் என்னும் தர அமைப்பு தரமாக்கிய ஓவிஎஃப் வழிப்பட்ட ஓவிஏ ஒன்றும், கேவிஎம்மார்க்குக் கியூகவ்2 வட்டுப் படிமம் ஒன்றும் அளிக்க. விர்ட்ஐஓ டிரைவர்களை முன்னரே உள்ளிடுக. மறந்தால் பெட்டி தன் வட்டையே காணாது விழிக்கும்.

இதுகாறும் கூறியவாற்றான், விலையில்லாத் தளத்துக்கும் செலவுண்டு என்பது பெற்றாம். அச்செலவாவது, உரிமத்தைக் கடைசி வரி வரை படித்தல்.