வராத மாறுதலுக்கு ஒரு ஸ்தோத்திரம்

மாறுதல் உத்தரவை எதிர்பார்த்திருக்கும் உபாத்தியாயருடைய வீட்டை வாசலில் நின்று பார்த்த மாத்திரத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். சுவரில் ஓர் ஆணி இராது. கொல்லையில் ஒரு முருங்கை இராது. விசேஷ நாள் பாத்திரங்களெல்லாம் சாக்கில் கட்டியபடியே மச்சில் கிடக்கும். எகிப்தை விட்டுப் புறப்பட்ட இரவில் இஸ்ரவேலர் அரையில் கச்சை கட்டி, காலில் பாதரட்சை தொடுத்து, கையில் தடி பிடித்துப் பஸ்காவைப் புசித்தார்களென்று யாத்திராகமம் கூறுகிறது. அவர்களுக்கு அது ஓர் இரவோடு முடிந்தது. என் மனையாளோ ஆண்டுக்கணக்கில் அதே கோலத்தில் குழம்பு வைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் வேலை பார்ப்பது சாத்தான்குளத்துக்கும் திசையன்விளைக்கும் நடுவே செம்மணல் மேடும் பனையுமாய்க் கிடக்கும் தேரிக்காட்டில், ஒரு மிஷன் ஆரம்பப் பள்ளியில். ஆடிக் காற்று எழும்பிவிட்டால் இவ்வூரில் சோற்றுக்கும் மணலுக்கும் நிறத்தால் மட்டுமே பேதம் சொல்ல முடியும். ஆகவே, கல்லூரிகளும் புத்தகக் கடைகளும் மலிந்த பாளையங்கோட்டைக்கு மாற்றும்படி நிர்வாகத்துக்கு நான் விண்ணப்பம் எழுதுவதும், மே மாதந்தோறும் தபால்காரர் என் வாசலைக் கடக்கையில் அனுதாபத்தோடு மணியை மெதுவாக அடித்துச் செல்வதும் ஊரறிந்த சம்பிரதாயங்களாகிவிட்டன.

காத்திருப்பவனுக்கு ஆலோசனை சொல்வோர் கிறிஸ்தவக் குடியிருப்புகளில் குறைவில்லை. எங்கள் உபதேசியார் அவர்களுள் தலையானவர். ஈசாக்கு பிறக்கையில் ஆபிரகாமுக்கு வயது 100 என்றும், ராகேலுக்காக யாக்கோபு 7 வருஷம் ஊழியஞ்செய்து, மாமனாரின் சாமர்த்தியத்தால் பின்னும் 7 வருஷம் ஊழியஞ்செய்தானென்றும், பெதஸ்தா குளத்தருகே கிடந்தவன் 38 வருஷம் வியாதிக்காரனாயிருந்தானென்றும் அவர் அடுக்கிக்கொண்டே போகையில், எனக்கு ஆறுதலைக் காட்டிலும் பீதியே அதிகமாயிற்று. ஆபிரகாமுக்கு ஓய்வு பெறும் வயது என்று ஒரு விதி இருக்கவில்லை, எனக்கு இருக்கிறது. போதாக்குறைக்கு, "பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான், தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான்னு சும்மாவா சொன்னாங்க, வாத்தியாரையா?" என்று முடித்தார். நான் வைத்தது பனை என்பதில் அவருக்கு லவலேசமும் சந்தேகம் இல்லை.

இத்தகைய ஆறுதல்களிலிருந்து தப்பும்பொருட்டே நான் சங்கீதங்களை நிதானமாக வாசிக்கலானேன். பரிசுத்தவான்கள் வாய் திறவாமல் பொறுத்திருந்தவர்கள் என்ற என் எண்ணம் அங்கே பொடிப்பொடியாயிற்று. 13-ஆம் சங்கீதம் முதல் இரண்டு வசனங்களுக்குள் நான்கு தரம் 'எதுவரைக்கும்' என்று கேட்டுவிட்டு, முடிவில் பாடத் தொடங்குகிறது; 88-ஆம் சங்கீதமோ பாடக்கூட மனமின்றி இருளிலேயே முடிந்துபோகிறது. வனாந்தரத்தில் முறுமுறுத்த ஜனங்களுக்குத் தண்டனை கிடைத்தது. முறையிட்ட தாவீதின் வார்த்தைகளோ ஆராதனைப் புஸ்தகத்தில் ஏறின. குறை இரண்டிடத்திலும் குறைதான், விலாசந்தான் வேறு. ஊராரிடம் சொன்னால் முறுமுறுப்பாகிற ஒன்று, கர்த்தரிடம் சொன்னால் ஜெபமாகிவிடுகிறது என்று கண்டபின், நான் தபால்காரரை நிம்மதியாக விட்டுவிட்டு, என் முறையீடுகளை உரிய இடத்துக்கே நேராக அனுப்பலானேன்.

இதனால் விளைந்த விசித்திரம் யாதெனில், குறைகளையெல்லாம் அங்கே இறக்கி வைத்தபின், கண்ணுக்கு வேறு விஷயங்களைப் பார்க்க அவகாசம் கிடைத்தது. பங்குனி விடியலில் பனையேறி ஒருவர் வாசலில் நின்று குரல் கொடுத்து, மடித்த ஓலைப்பட்டையில் மாங்காய்க் கீற்றுப் போட்டு ஊற்றித் தரும் பதனீரைப் பாளையங்கோட்டையில் எவன் தருவான்? மேலும், மூன்றாம் வகுப்பில் அகர வரிசைக்கே வியர்த்துப்போன என் மாணவன் ஒருவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்க எழுந்து, வரியின் அடியில் விரலை ஊன்றி, ஏசாயா 8-ஆம் அதிகாரத்தில் பெரியவர்களே நழுவிச் செல்லும் 'மகேர்-சாலால்-அஷ்-பாஸ்' என்னும் பெயரை ஒரே மூச்சில் கடந்து, அக்கரையில் நின்று என்னைப் பார்த்தான். உத்தரவு ஒழுங்காய் வந்திருந்தால் நான் அந்தப் பார்வையைக் கண்டிருக்க மாட்டேன்.

மனம் உருகிய அவ்வேகத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை உறை ஒன்றை எடுத்து, காரணம் எழுதும் இடத்தில், 'இதுவரை மாறுதல் வராமல் காத்தமைக்காக' என்று எழுதிப் போட்டேன். பிறந்தநாள், திருமணநாள், பசு கன்று ஈன்றது ஆகியவற்றுக்கு நடுவே சபைகுருவான ஐயரவர்கள் இதைக் கணீரென்று வாசித்தார். பெண்கள் பக்கத்திலிருந்து என் மனையாள் பார்த்த பார்வையை வருணிக்க அக்கினியும் கந்தகமும் வேண்டும். ஆராதனை முடிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "எங்க ஊரு மேல இம்புட்டுப் பிரியம் வச்சிருக்கீங்கன்னு தெரியாமப் போச்சே, வாத்தியாரையா!" என்று கண் கலங்கினார்கள். கலங்கியதோடு நின்றிருந்தாலும் பாதகமில்லை. மறுவாரமே, இவ்வுபாத்தியாயரை எக்காலத்திலும் இவ்வூரைவிட்டு மாற்றலாகாதென்று, கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் யாவரும் ஒப்பமிட்டு நிர்வாகத்துக்கு மகஜர் அனுப்பினார்கள். அவர்களுள் பெரும்பாலோருக்குக் கையெழுத்துக் கற்பித்தவன் அடியேன்.

ஆவியின் கனிகள் ஒன்பதில் நீடியபொறுமை நான்காவதாக நிற்கிறது. அது எனக்கு முற்றிலும் வாய்த்துவிட்டதென்று நான் சாதிக்க வரவில்லை. இந்த மே மாதமும் விண்ணப்பம் எழுதத்தான் போகிறேன். ஆனால், முருங்கைக் கொம்பு ஒன்றைக் கொல்லையில் நடுவதற்கு என் மனையாள் சம்மதித்துவிட்டாள். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் நான் போகவேண்டுமென்று நானும், நான் போகலாகாதென்று ஊராரும் ஒரே கூரையின்கீழ், ஒரே ஆமென் சொல்லி வேண்டிக்கொள்கிறோம். இவ்விரண்டு விண்ணப்பங்களையும் வாரந்தவறாமல் கேட்டுக்கொண்டு ஒருவர் மேலே வீற்றிருக்கிறாரே, அவருடைய பொறுமையை நினைக்கையில் என்னுடையதைப் பற்றிப் பேசவே வெட்கமாயிருக்கிறது.