மொட்டை மாடிப் பொதுக்குழுவில் வாயின் பங்கு: ஒரு முதற்கட்ட ஆய்வு

ஆய்வுக்களம், சென்னையின் ஏதேனும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. காலம், காலை பத்து மணி என்று நோட்டீஸ் போர்டில் எழுதிவிட்டுப் பத்தே முக்காலுக்குக் கூட்டம் தொடங்கும் ஞாயிறு. கருவிகள், வாடகை நாற்காலிகளும் ஒரு மினிட்ஸ் புக்கும்.

கருதுகோள் எளியது. சபையில் ஒரு யோசனை எடுபடுவது அதன் எடையால் அன்று, சொன்னவர் உட்காராமல் நின்ற நேரத்தால். இது ஆய்வாளரின் வயிற்றெரிச்சல் எனத் தள்ளிவிட வேண்டாம். 2020இல் ‘தி லீடர்ஷிப் குவார்ட்டர்லி’ இதழில் வெளியான ஆய்வொன்று, அறிவுத்திறனைக் கணக்கில் எடுத்த பிறகும், அதிக நேரம் பேசியவரையே குழு தலைவராக நினைக்கிறது என்று கண்டது. அதற்குப் ‘பிதற்றல் கருதுகோள்’ என்றே பெயர். அவர்கள் நம் செகரட்டரி தேர்தலை எப்போது வந்து பார்த்தார்களோ!

இனி சோதனை. பொருள், லாரித் தண்ணீர்ச் செலவு. லாரி விலை ஏறிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே எல்லோரும் அதையே எழுந்து சொன்னார்கள். மூன்றாம் மாடி ரிடையர்டு சார், “நான் அதிகம் பேச விரும்பல, ரெண்டே நிமிஷம்” என்று தொடங்கினார். (நீண்ட உரையை முன்கூட்டி அறிய இதைவிடத் துல்லியமான கருவி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.) சம்ப்பின் மிதவை வால்வு மூடாமல் ராத்திரியெல்லாம் தண்ணீர் வழிந்து சாக்கடைக்குப் போவது தரைத்தள மாமி ஒருவருக்கு மட்டுமே தெரியும்.

“இல்ல சார், அந்த வால்வு...”

“ஒரு நிமிஷம் மாமி, முடிச்சுடறேன்.”

கூடிப் பேசும் குழுக்கள் எல்லோரும் அறிந்ததையே திரும்பத் திரும்பப் பேசும், ஒருவர் மட்டும் அறிந்தது வெளியே வராமலே போகும் என்று 1985இலேயே ஸ்டாசர், டைட்டஸ் என்ற இரு உளவியலாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். அவர்களிடம் மாமி இல்லை, அவ்வளவே. கீழிருந்து போண்டா வாசனை ஏறியதும், “யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?” என்றார் செகரட்டரி. பாதிப் பேர் எழுந்துவிட்டிருந்தார்கள். கூடுதலாக ஒரு லாரி சொல்வதென்று ஏகமனதாக முடிவாயிற்று. மேற்பார்வைக்குத் துணைக்குழு, தலைவர் ரிடையர்டு சார்.

இந்நோய்க்கு முன்னோர் மருந்து வைத்திருந்தனர். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921), தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் சொல்கின்றன. கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள்ளேயே போகக்கூடாது. வரலாற்றாசிரியர்கள் இதை மக்களாட்சி என்று மெச்சுகிறார்கள். பேச்சாளர்களிடமிருந்து ஊரைக் காக்கும் ஏற்பாடு என்பதே இவ்வாய்வாளரின் துணிபு. பையன் கையை விடும்போது எந்த ஓலையும் தன் அனுபவத்தை எடுத்துரைப்பதில்லை.

துணைக்குழுவையாவது குடவோலை முறையில் அமைக்கலாம் என்று இரண்டாம் மாடியிலிருந்து ஒரு தீர்மானம் வந்தது. ரிடையர்டு சார் அதை மனமார வரவேற்று, உத்திரமேரூருக்குத் தாம் குடும்பத்தோடு போய்வந்ததைச் சொல்லத் தொடங்கினார். செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதால், தீர்மானம் அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது.