உப்பளத்திலிருந்து பனிமலைக்கு: தனியாள் சறுக்குப் பயணம் குறித்த ஓர் ஆய்வு

முதன்முறையாகப் பனிச்சறுக்கு விடுமுறைக்குத் தனியே கிளம்பும் கற்றுக்குட்டி எங்கே போகலாம், எதை உடுத்தலாம், எவ்வளவு செலவாகும் என்றெல்லாம் ஆராய ஆளிருக்கிறது. எந்த ஊரிலிருந்து கிளம்ப வேண்டும் என்று கேட்பாரில்லை. விழுப்புரம் மாவட்டத்து மரக்காணமே அதற்குத் தகுந்த ஊர் என்பது இக்கட்டுரையின் துணிபு. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வெயிலில் காயும் உப்புப் பாத்திக்கும், காஷ்மீரில் 2,650 மீட்டர் உயரத்திலிருக்கும் குல்மார்க்குக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு என்று சிரிப்பவர்கள் முதலில் சங்க இலக்கியத்தைப் புரட்டட்டும். நெய்தல் நிலத்து உப்பை வண்டியேற்றி மேட்டு நாடுகளுக்குக் கொண்டுபோனவர்கள் உமணர். வழியில் பள்ளம் வரும், மேடு வரும், அச்சு முறியும் என்பதால் வண்டிக்கு அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டே கிளம்பினார்கள் என்பதற்குப் புறநானூறு சான்று. சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று கொள்ளும் அறிஞர்களும் உண்டு. ஆகவே கடற்கரையிலிருந்து மலையேறுவதற்கான முன்னேற்பாடு இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. இடையில் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இலக்கியச் சான்று போதாது என்பவர்கள் பாத்திக்கு வரலாம். உப்புக் காலம் தொடங்கும் முன் களிமண் தரையை நனைத்து, வரிசையாக நின்று, குதிகால் பதியப் பதிய மிதித்து இறுக்குகிறார்கள். காலடித் தடம் விழாத அளவுக்குத் தரை கெட்டிப்பட்டால்தான் உப்பில் மண் ஏறாது. இயந்திரங்கள் வருமுன் சறுக்குத் தளங்களையும் இப்படித்தான், ஆட்கள் பலகையோடு வரிசை கட்டி மிதித்துச் சமன் செய்தார்கள். அடுத்தது உடலை வைத்துக்கொள்ளும் நிலை. முழங்காலை லேசாக மடக்கு, பின்னால் சாயாதே என்று சறுக்குப் பயிற்றுநர் முதல் நாள் முழுக்கத் தொண்டை வற்றக் கத்துவார். தலையில் உப்புக் கூடையோடு ஈர வரப்பில் நடக்கிற பெண்ணிடம் அதைப் போய்ச் சொன்னால், “பின்ன எப்படிங்க நடக்கிறது?” என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். கண் கூச்சமும் அப்படியே. புதுப்பனி புற ஊதாக் கதிரில் சுமார் 80 விழுக்காட்டைத் திருப்பி அடிக்கிறது. உலர்ந்த கடற்கரை மணல் 15 விழுக்காட்டோடு நின்றுவிடும். கண்ணாடி இல்லாமல் பனியில் ஒரு பகல் நின்றவருக்கு அன்றிரவே கண்ணில் மிளகாய் எரிச்சல். வெள்ளைத் தரை கண்ணை என்ன செய்யும் என்பதை உப்பளத்தாருக்குப் புத்தகம் வைத்துப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பல காலமாக அவர்கள் கண்ணைக் கொடுத்துக் கற்ற பாடம் அது.

இன்னும் வலுவான சான்று வேதியியலில் இருக்கிறது. உப்பு பனியை உருக்கும் என்பதால் இரண்டும் ஜென்மப் பகை என்று பலரும் நினைக்கிறார்கள். சறுக்குப் போட்டி நடத்துபவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். வெயிலேறிப் பனி கூழாகும்போது தளத்தின் மேல் உப்பைத் தூவுவார்கள். உப்பு பட்ட இடத்தில் கொஞ்சம் பனி உருகும். உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியுள்ள ஈரப் பனியிலிருந்து உறிஞ்சும். அந்தப் பனி இறுகிப்போகும். பொடியுப்பு மேலோடு கரைந்துவிடும், பெருமணி உப்புதான் உள்ளே இறங்கி வேலை செய்யும். 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் பெருமணி உப்புக்குத் தட்டுப்பாடு வந்து, சுவிட்சர்லாந்திலிருந்து விமானத்தில் வரவழைக்க நேர்ந்தது. கல்லுப்பு மலை மலையாகக் கிடக்கும் ஓர் ஊரை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. உப்பையும் பனியையும் சேர்த்துவைத்ததற்கு முன்னோடியும் உண்டு. 1927இல் வியன்னாவில் கைவிடப்பட்ட வடமேற்கு ரயில் நிலையத்துக்குள் சலவைச் சோடாவைக் கொட்டிச் செயற்கைப் பனிச்சரிவு அமைத்தார்கள். பலகை சரியாக வழுக்கவில்லை, வெள்ளையும் நிலைக்கவில்லை, அடுத்த ஆண்டே மூடிவிட்டார்கள். அதே 1927இல்தான் குல்மார்க்கில் ஆங்கிலேயர்கள் இந்தியச் சறுக்குக் கழகத்தைத் தொடங்கினார்கள். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆய்வுக் கட்டுரையில் இப்படி ஒரு தற்செயல் இல்லாவிட்டால் கனம் குறைந்துவிடும்.

மரக்காணம் மட்டமான பூமி, சறுக்கச் சரிவு ஏது என்பது முதல் தடை. உவர்நீர் பாத்திக்குப் பாத்தி தானாகவே இறங்கிவருகிறதே, சரிவில்லாமலா? கண்ணுக்குத் தெரியாத சரிவுதான், ஆனாலும் சரிவு. கற்றுக்குட்டிக்கு முதல் ஓரிரு நாளுக்கு அதுவே தாராளம். குல்மார்க்கிலும் வந்த அன்றே அவரைக் கொண்டோலா கம்பிவட வண்டியில் ஏற்றி, 3,900 மீட்டருக்கு மேல் அஃபர்வத் மலையில் கொண்டுபோய் விடமாட்டார்கள். பலகையை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டி, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் மேடேறச் சொல்வார்கள். ஆர்வக்கோளாறில் யாரும் உப்புக் குவியல் மேல் ஏறிப் பழகிவிடக் கூடாது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். குவித்த உப்பு ஏறக்குறைய 30 பாகையில் நிற்கும். ஐரோப்பாவில் தொடக்கக்காரருக்கு விடும் சரிவு 14 பாகையைத் தாண்டாது. பனிப்பாளம் பெயர்ந்து ஆளை மூடும் சரிவுகளே பெரும்பாலும் 30 பாகையில்தான் தொடங்குகின்றன. தவிர, குவியலின் சொந்தக்காரர் கீழே நின்று என்ன மொழியில் பேசுவார் என்பது அச்சேறத்தக்கதல்ல.

குளிர் தாங்குமா என்பது அடுத்த தடை. மார்கழி விடியலில் 20 பாகைக்கே மஃப்ளரும் குரங்குக் குல்லாவும் தேடுகிறவர், சுழியத்துக்குக் கீழே போனால் இருப்பதையெல்லாம் அடுக்கடுக்காகப் போட்டுக்கொள்வார். கைநூல்களும் அதைத்தான் சொல்கின்றன. ‘தனியாவா போற?’ என்ற வீட்டாரின் தடை கடுமையானது. அதற்கு வரலாறே பதில்: இந்தியாவே தனியாளாகத்தான் சறுக்கியிருக்கிறது. 1964 இன்ஸ்பிரக் குளிர்கால ஒலிம்பிக்கில் ஜெரமி புஜகோவ்ஸ்கி ஒருவர்தான் இந்திய அணி. 2022 பெய்ஜிங்கில் குல்மார்க் பக்கத்து ஆரிஃப் கான் ஒருவர்தான். நெய்தல் நிலத்தார் தனியே போனதற்கும் சான்று உண்டு: பசிபிக் தீவான டோங்காவின் பீட்டா டௌஃபடோஃபுவா 2018இல் குளிர்கால ஒலிம்பிக்கின் 15 கிலோமீட்டர் நெடுந்தூரப் பனிச்சறுக்கில் 114ஆவதாக வந்தார், முக்கியம், வந்து சேர்ந்தார். ஒன்றை மட்டும் வீட்டாருக்காக ஒப்புக்கொள்ள வேண்டும். வெளி மாநில ப்ரீபெய்டு சிம் காஷ்மீரில் எடுக்காது, போஸ்ட்பெய்டு எடுக்கும். உமணரின் சேம அச்சுக்கு இன்று அதுதான் பெயர்.

பணத்துக்கு என்ன செய்வது என்ற தடையை ஆய்வு மரபுப்படி அடிக்குறிப்பில் தள்ளியிருக்கலாம். ஆனால் மழை மாதங்களில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 5,000 ரூபாய். அது அரிசிக்கே காணாது, சறுக்குப் பலகை வாடகைக்கு எங்கே போவது? எனவே இந்தத் துணிபு கூலிக்கு உப்பு வாருபவருக்குப் பொருந்தாது. மாதச் சம்பளமும் விடுப்பும் உள்ள அவர் பிள்ளைக்குப் பொருந்தும்.

இனிச் சிக்கலெல்லாம் நாட்காட்டியில். ஐப்பசி முதல் மழை, பாத்தி மூழ்கும், கை சும்மா இருக்கும்; அப்போது குல்மார்க்கில் நம்பத்தக்க பனி இல்லை. பனி நிறைய விழும் தை, மாசியில் இங்கே பாத்தி திருத்தும் வேலை. வீட்டுக்கு ஆள் தேவை. தை பிறந்தால் ஊருக்கெல்லாம் வழி பிறக்கும், உப்பளத்து வீட்டுக்கு அடைபடும். மிஞ்சுவது டிசம்பர் 21இல் காஷ்மீரின் நாற்பது நாள் கடுங்குளிர் தொடங்குவதிலிருந்து பொங்கல் வரையுள்ள மூன்று வாரம். அதிலும் பனி வரும் என்று உறுதியில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க் புல்தரையாகவே கிடந்தது. 2025இல் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளையே தள்ளிவைத்தார்கள். ஒரே மழையில் ஒரு வார உப்பு கரைவதைப் பார்த்து வளர்ந்தவர் இதற்கு அவ்வளவாக அலட்டிக்கொள்ள மாட்டார், சென்னைக்காரர்தான் கட்டணத்தைத் திருப்பிக் கேட்பார். மரக்காணத்தில் ரயில் கிடையாது. சென்னை போய் அந்தமான் எக்ஸ்பிரஸில் கட்ரா, 2025 ஜூனில் தொடங்கிய வந்தே பாரத்தில் ஸ்ரீநகர், அங்கிருந்து சாலையில் சுமார் 50 கிலோமீட்டர். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கும். மார்கழிப் பயணத்துக்கு ஐப்பசியில் திண்டிவனம் கவுண்ட்டரில் நிற்க வேண்டும். அன்றைக்கு மழை கொட்டினால் நல்லது. உப்பளத்தில் வேலை இருக்காது, வரிசையும் சின்னதாக இருக்கும்.