தொடப்படாது: திருவரங்கத்துப் பண்டிகைகளில் பாலர் கைவரிசை குறித்து ஓர் ஆராய்ச்சி

தில்லைநகர், கே.கே. நகர், ஸ்ரீரங்கம் என்று திருச்சியின் எந்தப் பக்கம் போனாலும் மழலையர் பள்ளிகளில் இப்போது பண்டிகைக்கொரு தட்டு வைக்கிறார்கள். பொங்கலென்றால் சாயம் ஏற்றிய அரிசி, சின்னப் பானை, கரும்புத் துண்டு. கிறிஸ்துமஸ் என்றால் பஞ்சு. அது வெண்பனியாம், மார்கழியிலும் மின்விசிறி ஓடும் ஊரில். குழந்தை தொட்டு, பிசைந்து, கொட்டி உலகை அறிய வேண்டும் என்பது ஏற்பாடு. 'சென்சரி ப்ளே' என்பது பெயர். குழந்தையோ தட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டீச்சர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் பிடித்து இழுக்கிறது. ஏன்? இதுவே நம் ஆய்வு வினா.

ஆய்வின் எல்லை வடக்கே கொள்ளிடம், தெற்கே மலைக்கோட்டை. வயது வரம்பு, தவழத் தொடங்கியது முதல் எல்.கே.ஜி. சேரும் வரை. முடிவை முதலிலேயே சூத்திரமாகச் சொல்லிவிடுவோம்: தொடு என்றது தொடப்படாது, தொடப்படாது என்றது தொடப்படும்.

முன்னோர் இத்துறையில் உழைத்திருக்கிறார்கள். பிள்ளைத்தமிழ் இலக்கணம் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரை, ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணி என்று வகுத்துவைத்தது. இன்றைய குழந்தை மருத்துவர் சுவரில் தொங்கும் வளர்ச்சி அட்டவணைக்கும் அதற்கும் பெரிய சண்டையில்லை. ஆண்பாலுக்குரிய கடைசி மூன்று பருவங்கள் சிற்றில் சிதைத்தல், சிறுபறை, சிறுதேர். அதாவது சேதம், சத்தம், போக்குவரத்து. பெண்பாலில் நீராடலுக்கே ஒரு பருவம் உண்டு. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) பக்கத்துத் திருவானைக்கா அகிலாண்டநாயகிக்கே பிள்ளைத்தமிழ் பாடினார். பிறகு 1939இல் மரியா மாண்டிசோரி அடையாறுக்கு வந்து, கையால் தடவிக் கற்பதை நம் ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இதெல்லாம் நம்மிடம் அப்போதே இருந்தது என்று மார்தட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இருந்தது உண்மை, குழந்தைக்காக இருந்ததில்லை. பெருமாளுக்காக இருந்தது. குழந்தை அத்துமீறி உள்ளே புகுந்தது.

சான்றுக்கு ஸ்ரீஜயந்தியை எடுத்துக்கொள்வோம். ஊறவைத்து அரைத்த அரிசி மாவைக் கரைத்து, மடக்கிய கையின் சுண்டுவிரல் விளிம்பை அதில் தோய்த்துத் தரையில் அழுத்தினால் பாதம். மேலே ஐந்து பொட்டு வைத்தால் விரல்கள். வலக்கைக்கு ஒரு பாதம், இடக்கைக்கு ஒரு பாதம். இப்படி வாசலிலிருந்து பூஜையறை வரை கிருஷ்ணர் நடந்து வருகிறார். வீட்டில் நிஜமாகவே ஒன்றரை வயதுக் கால் இருக்க, ஏன் கையால் வரைகிறார்கள் என்பது நியாயமான கேள்வி. அந்தக் காலை மாவில் வைத்துப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். ஈரம் பட்டதும் ஐந்து விரலும் உள்ளே சுருண்டுகொள்ளும். குழந்தை உட்கார்ந்துவிடும். தரையில் பதிவது பாதமன்று, ஜட்டி. அதன்பின் உள்ளங்கையால் வழித்து, நக்கிப் பார்த்து, ருசி இல்லையென்று தெரிந்தும் மறுபடி நக்கி, எழுந்து வாசலை நோக்கி நடக்கும். அற்றேல், பாதம் உள்ளே வரவேண்டியதிருக்க வெளியே போவது அபசகுனமன்றோ எனின், அன்று. உள்ளே வந்தவனே வெளியே போகக்கூடும் என்க.

(சீடை பொரிக்கும்போது மட்டும் சூத்திரம் செல்லாது. சீடை வெடிக்கும்; எண்ணெய் தெறிக்கும். அங்கே தொடப்படாது என்றால் தொடப்படாதுதான்.)

ஆடிப்பெருக்கில் களம் அம்மா மண்டபம் படித்துறை. பெரியவர்கள் காதோலை கருகமணி, காப்பரிசி, மஞ்சள் சரடு என்று காவிரிக்குப் படைப்பதில் மும்முரமாயிருப்பார்கள். வெல்லமும் எள்ளும் சேர்ந்த காப்பரிசி விரலிடுக்கில் ஒட்டும். மஞ்சளில் பிடித்துவைத்த பிள்ளையார், ஒரு அழுத்து அழுத்தினால் வடையாவார். தண்ணீர் கரைபுரண்டால் போலீஸ் தடுப்பு வரும், வறண்டால் படித்துறையில் ஷவர் வரும். குழந்தைக்கு இரண்டும் ஒன்றே; அதற்கு வேண்டியது படியோரத்து ஈரமணல் ஒரு பிடி. சப்பரம் வாங்கிக் கையில் கயிற்றைக் கொடுத்தால் இழுக்காது. அண்ணன் இழுக்கும் சப்பரத்தின் சக்கரத்தைப் பிடிக்கும்.

பிள்ளையார் சதுர்த்தியைச் சுருக்கமாக முடிப்போம். உச்சிப்பிள்ளையாருக்கும் கீழே மாணிக்க விநாயகருக்கும் தலா 75 கிலோ கொழுக்கட்டை படைக்கும் ஊர் இது. மாவு பிசைவதில் இதற்குமேல் அளவு கிடையாது. ஆனால் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் குன்றிமணி விஷம். குழந்தை முதலில் நோண்டுவது அந்தக் கண்ணைத்தான். இதில் வேடிக்கை இல்லை, கண்ணை வேறெதிலாவது வையுங்கள்.

நம் கோட்பாட்டின் உச்சம் கொலு. படிக்குக் கீழே செட்டியாரும் ஆச்சியும் கடை விரித்திருப்பார்கள். எதிரே கிண்ணம் கிண்ணமாகத் துவரம்பருப்பு, உளுந்து, பச்சரிசி, வெல்லக்கட்டி. பள்ளியில் கட்டணம் வாங்கி வைத்த தட்டில் உள்ள சாமான்தான், சாயம் மட்டும் இல்லை. ஒன்பது நாளும் பாட்டி "கோந்தே, தொடப்படாது" என்கிறாள். ஒன்பது நாளும் துவரம்பருப்பு உளுந்தில் கலக்கிறது, பச்சரிசி பூங்காக் குளத்தில் மிதக்கிறது, செட்டியார் மல்லாக்கக் கிடக்கிறார். பாட்டி அந்த நேரம் பார்த்து வெற்றிலைப் பெட்டியைத் தேடுகிறாள். வருகிறவர்களுக்கு வைத்துக்கொடுக்க வேண்டுமாம்.

பத்தாம் நாள் விஜயதசமி. அதே அரிசியைத் தாம்பாளத்தில் பரப்பி, குழந்தையை மடியில் உட்கார்த்தி, "தொடு கண்ணா, எழுது" என்று விரலைப் பிடிக்கிறார்கள். குழந்தை கையை முஷ்டியாக்கிக்கொண்டு தெரு முழுக்கக் கேட்கும்படி அழுகிறது. இதைவிடத் தெளிவான நிரூபணத்தை எந்தச் சோதனைச்சாலையும் தராது.

அற்றேல், பள்ளிகள் என் செய்வது எனின்: தட்டை மாற்ற வேண்டாம், சாயத்தையும் மாற்ற வேண்டாம். பக்கத்தில் ஒரு பாட்டியை உட்கார்த்தினால் போதும். தகுதி இரண்டு. "தொடப்படாது" என்று அழுத்திச் சொல்லத் தெரிய வேண்டும். சொன்ன கையோடு வேறு பக்கம் திரும்பிக்கொள்ளவும் தெரிய வேண்டும். இரண்டாவதற்கு டீச்சர் பயிற்சியில் இன்னும் பாடம் வைக்கவில்லை.